கவிஞருக்குப் பல்கலைக்கழக வேலை: தென்னாப்பிரிக்காவில் படைப்பெழுத்து கற்பிக்க என்ன வேண்டும்?

பீனிக்ஸ்_வாசகி

எல்லோருக்கும் வணக்கம். டர்பன் பக்கம் ஆங்கிலத்திலும் தமிழிலும் கவிதை எழுதுகிற பிள்ளைகள் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்வி இது. தொகுப்பு ஒன்றோ இரண்டோ வந்துவிட்டது, ஆனர்ஸும் முடிந்தது. பல்கலைக்கழகத்தில் படைப்பெழுத்து கற்பிக்கும் வேலைக்குப் போக அடுத்து என்ன செய்ய வேண்டும்? எம்.ஏ. போதுமா, பிஎச்.டி. கட்டாயமா? தமிழில் எழுதும் கவிதைக்கு இங்கே இடம் உண்டா? விவரம் தெரிந்தவர்கள் விரிவாகவே எழுதுங்கள்.

ஏழாம்_சீர்

அக்கா, முதலில் வேலை எங்கே இருக்கிறது என்று பார்ப்போம். இந்த நாட்டில் படைப்பெழுத்து பெரும்பாலும் எம்.ஏ. மட்டத்தில்தான் தனிப் படிப்பாக நடக்கிறது. கேப் டவுன், மகாண்டாவில் இருக்கிற ரோட்ஸ், வெஸ்டர்ன் கேப், ஜோஹானஸ்பர்க்கின் விட்ஸ், பிரிட்டோரியா ஆகிய பல்கலைக்கழகங்கள் தெரிந்த இடங்கள். இளங்கலையில் அது ஆங்கிலத் துறைக்குள் ஒரு பாடமாக மட்டும் வரும். அதனால் "படைப்பெழுத்து விரிவுரையாளர்" என்று தனியாக விளம்பரம் வருவது அபூர்வம். பெரும்பாலும் "ஆங்கில இலக்கிய விரிவுரையாளர், படைப்பெழுத்தில் அனுபவம் விரும்பத்தக்கது" என்றுதான் போடுவார்கள். அந்த ஆள் முதலாண்டு மாணவர்களுக்கு நாவலும் நாடகமும் நடத்த வேண்டும், கட்டுக்கட்டாக விடைத்தாள் திருத்த வேண்டும், அதற்கு நடுவில்தான் பட்டறை.

கவிதை மட்டும் தெரிந்தவருக்கு நிரந்தர வேலை கிடைப்பது ஏன் கடினம் என்பது இதிலேயே தெரியும். ஒரு நூற்றாண்டு இலக்கியத்தையோ, ஆப்பிரிக்க இலக்கியத்தையோ, மொழிபெயர்ப்பையோ கூடவே நடத்தக்கூடியவராக இருக்க வேண்டும்.

பிஎச்.டி. சட்டப்படி கட்டாயம் இல்லை. நடைமுறையில் கட்டாயம்தான். பிஎச்.டி. இல்லாதவர் பிஎச்.டி. மாணவருக்கு நெறியாளராக இருப்பது பொதுவாக நடக்காது. பல்கலைக்கழகத்துக்கு அரசு மானியம் வருவதோ மாணவர்கள் முடித்து வெளியேறும்போது: ஆய்வு எம்.ஏ. ஒருவருக்கு 1 அலகு, பிஎச்.டி. ஒருவருக்கு 3 அலகு. துறைத்தலைவர் ஆள் தேர்ந்தெடுக்கும்போது மனதில் இருக்கும் கணக்கு இது.

தாள்_திருத்துநர்

மேலே சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். இந்த ஊர்ப் பட்டங்களின் அளவை எல்லோரும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். எம்.ஏ. என்றால் தேசிய தகுதிச் சட்டகத்தில் 9ஆம் நிலை, 180 கிரெடிட். பிஎச்.டி. 10ஆம் நிலை, 360 கிரெடிட். ஒரு கிரெடிட்டுக்கு 10 மணி நேர உழைப்பு என்பது கணக்கு, ஆக எம்.ஏ.க்கு 1,800 மணி நேரம். வேலைக்குப் போய்க்கொண்டே பகுதிநேரமாக வாரம் 18 மணி நேரம் ஒதுக்கினால் 100 வாரம், அதாவது ஏறக்குறைய இரண்டு வருடம். "இரவில் எழுதி ஒரே வருடத்தில் முடித்துவிடலாம்" என்று சேர்கிறவர்கள் ஆகஸ்ட் மாதத்தில் திணறுவது இதனால்தான்.

எம்.ஏ.யில் இரண்டு வகை உண்டு. முழு ஆய்வேடு ஒரு வகை. பாடங்களும் குறு ஆய்வேடும் சேர்ந்தது இன்னொன்று. அதில் ஆய்வுப் பகுதி குறைந்தது 60 கிரெடிட் இருக்க வேண்டும். பிறகு பிஎச்.டி.க்குப் போகிற எண்ணம் இருந்தால் ஆய்வுப் பகுதி பெரிதாக இருக்கிற திட்டத்தைத் தேர்ந்தெடுங்கள். சேர்க்கைக் குழு முதலில் கேட்பது "தனியாக எவ்வளவு நீளமான ஆய்வு எழுதியிருக்கிறார்" என்பதைத்தான்.

இந்தியாவிலோ இலங்கையிலோ பட்டம் வாங்கியவர்கள் சாக்வா (வெளிநாட்டுப் பட்டங்களை மதிப்பிடும் தென்னாப்பிரிக்கத் தகுதி ஆணையம்) தருகிற மதிப்பீட்டுச் சான்றிதழை முன்கூட்டியே வாங்கி வையுங்கள். விளம்பரம் வந்த பிறகு விண்ணப்பித்தால் கடைசித் தேதிக்குள் கையில் கிடைக்காது.

கேப்_காற்று

பிஎச்.டி.க்கு முன்னால் புத்தகம் என்பதே என் கருத்து. படைப்பெழுத்து வேலைக்கு இரண்டும் கேட்பார்கள். ஆனால் நல்ல தொகுப்பு இல்லாமல் பிஎச்.டி. மட்டும் வைத்திருப்பவரைப் பட்டறை நடத்த யாரும் கூப்பிடுவதில்லை. முதல் தொகுப்பு எங்கே வருகிறது என்பதும் முக்கியம். பணம் கொடுத்து அச்சிட்ட புத்தகத்துக்குத் தேர்வுக்குழுவில் எடை குறைவு. உஹ்லங்கா, மோஜாஜி, டீப் சவுத், போட்சோட்சோ மாதிரி, பதிப்பாசிரியர் ஒருவர் உட்கார்ந்து வரிக்கு வரி படித்துத் திருத்தும் சிறு பதிப்பகத்தில் வந்தால் அதன் மதிப்பே வேறு.

அதற்கும் முன்னால் இதழ்கள். 1965இல் கை பட்லரும் ரூத் ஹார்னெட்டும் தொடங்கிய நியூ காயின் இன்னும் ரோட்ஸிலிருந்துதான் வருகிறது. 1960இல் கான்ட்ராஸ்ட் என்று தொடங்கியது இன்று நியூ கான்ட்ராஸ்ட். இந்த இரண்டிலும் சில வருடம் தொடர்ந்து கவிதை வந்திருந்தால், தொகுப்பை அனுப்பும்போது பதிப்பாளருக்குப் பெயர் பழகியிருக்கும். ஒரு தடவைக்கு 4 முதல் 6 கவிதை அனுப்புங்கள். எந்தெந்தக் கவிதை யாரிடம் இருக்கிறது என்று ஒரு தாளில் குறித்து வையுங்கள். ஒரே கவிதை இரண்டு இதழில் வந்துவிட்டால் இரண்டு ஆசிரியர்களின் நம்பிக்கையும் போய்விடும்.

பரிசுகளில் இங்க்ரிட் யாங்கர் பரிசு முதல் தொகுப்புக்கு மட்டும், ஆங்கிலத்துக்கும் ஆஃப்ரிகான்ஸுக்கும். இரண்டாம் தொகுப்புக்கு அந்தக் கதவு மூடிவிடும். ஆகவே முதல் தொகுப்பை அவசரப்பட்டு 32 பக்கத்தில் அச்சிட்டுவிடாதீர்கள். 60 பக்கம் வரும்வரை பொறுத்திருக்கலாம்.

ஏழாம்_சீர்

அண்ணா, புத்தகம் முதலில் என்பதை ஒத்துக்கொள்கிறேன். வரிசையில்தான் மாறுபாடு. எம்.ஏ. செய்துகொண்டே முதல் தொகுப்பை உருவாக்கலாம், அந்தப் படிப்பின் பயனே அதுதான். கவிஞர் கபீபா பதேரூன் வேறு விதமாகப் போனவர். அவருடைய முனைவர் பட்டம் கேப் டவுனில், கவிதையில் இல்லை. ஊடகத்திலும் கலையிலும் இஸ்லாம் எப்படிக் காட்டப்படுகிறது என்பதில். கவிதை தனியாக வளர்ந்தது, பேராசிரியர் வேலை ஆய்வினால் வந்தது. இன்று பென்சில்வேனியா ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் இருக்கிறார். கோபஸ் மூல்மன் டர்பனில் குவாசூலு-நட்டால் பல்கலைக்கழகத்தில் படைப்பெழுத்து கற்பித்து, பிறகு வெஸ்டர்ன் கேப் போனார். ஆன்ட்ஜி க்ரோக் மாதிரி நாடறிந்த கவிஞரை வெஸ்டர்ன் கேப் சிறப்புநிலைப் பேராசிரியராக அழைத்தது. அந்த மூன்றாவது வழியை நம்பி யாரும் திட்டம் போட முடியாது. முதல் இரண்டையும் போடலாம்.

தாள்_திருத்துநர்

வேலையில் சேர்ந்த பிறகு கவிஞர்களுக்கு வலிக்கிற இடம் ஆய்வு வெளியீட்டுக் கணக்கு. உயர்கல்வித் துறையின் 2015ஆம் ஆண்டுக் கொள்கைப்படி அங்கீகரித்த ஆய்விதழில் ஒரு கட்டுரைக்கு 1 அலகு, ஆய்வு நூலுக்கு 10 அலகு வரை. அந்தக் கணக்கில் கதையும் கவிதையும் சேராது. ஏழு வருடம் உழைத்து வந்த தொகுப்புக்குச் சைபர்!

2017இல் அரசிதழில் வந்த படைப்பு வெளியீடுகள் கொள்கை இதை மாற்றியது. நுண்கலை, இசை, நாடகமும் நடனமும், வடிவமைப்பு, திரைப்படம், இவற்றோடு எழுத்துக்கலையும் ஒரு பிரிவு. ஆனால் புத்தகத்தை மட்டும் கொடுத்தால் போதாது. அது எந்தக் கேள்வியோடு எழுதப்பட்டது, கவிதை உலகில் என்ன புதிதாகச் சேர்க்கிறது என்று விளக்கக் குறிப்பு எழுத வேண்டும். வல்லுநர்கள் அதைப் படித்து மதிப்பிடுவார்கள். இந்தக் குறிப்பில்தான் நிறைய விண்ணப்பம் விழுகிறது. "என் உள்ளத்தின் குரல்" என்று எழுதினால் மதிப்பிடுபவருக்குப் பிடிமானமே இல்லை. "ஒப்பந்தக் கூலிகளின் கப்பல் பதிவேட்டு வடிவத்தைக் கவிதை வடிவமாக ஆக்கினால் பெயரில்லாதவர்களைப் பற்றி எப்படிப் பேச முடியும்" என்று எழுதினால் அவர் எதைத் தேடிப் படிப்பது என்று அவருக்குத் தெரியும்.

தொகுப்பு வெளிவந்த நாளிலிருந்தே மதிப்புரை, விழா அழைப்பிதழ், பதிப்பாளரின் கடிதம் எல்லாவற்றையும் ஒரு கோப்பில் போட்டு வையுங்கள். பின்னால் தேடினால் கிடைக்காது.

தேசிய ஆய்வு அறக்கட்டளை ஆய்வாளர்களுக்குத் தருகிற தரவரிசைக்கும் இதே பழக்கம் உதவும். அது முந்தைய 8 ஆண்டு வேலையைப் பார்க்கிறது.

வெஸ்ட்வில்_நூலகம்

கப்பல் பதிவேடு பற்றிச் சொன்னதால் எழுதுகிறேன். பட்டறைக்கு அதைவிடச் சிறந்த கச்சாப்பொருள் டர்பனில் இல்லை. 1860 நவம்பர் 16இல் மதராஸிலிருந்து ட்ரூரோ கப்பல் வந்தது முதல் 1911 வரை இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாக நட்டாலுக்கு வந்தவர்கள் 1,52,184 பேர். அந்தப் பட்டியல்களுக்குக் குவாசூலு-நட்டால் பல்கலைக்கழகத்தின் வெஸ்ட்வில் வளாகத்தில் காந்தி-லுத்துலி ஆவண மையம் இருக்கிறது. பட்டியலில் ஒரு வரி என்பது: எண், பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, ஊர், உடல் அடையாளம். அவ்வளவுதான் ஒரு மனிதர்.

பயிற்சி இப்படி. மாணவருக்கு ஒரே ஒரு பக்கத்தின் நகல். முதல் 20 நிமிடம் எழுதக் கூடாது, படிக்க மட்டும். பிறகு ஒரு வரியைத் தேர்ந்தெடுத்து, அந்தக் கட்டங்களை அதே வரிசையில் வைத்து 9 வரிக் கவிதை. பெயரடை கூடாது, கதாபாத்திரத்தின் "மனநிலை" கூடாது. கட்டம் காலியாக இருந்தால் கவிதையிலும் அந்த வரி காலியாகவே இருக்க வேண்டும்.

எங்கே கெடும் என்றால், பெரும்பாலோர் "உடல் அடையாளம்" என்ற கட்டத்துக்கு வந்ததும் தழும்புக்கு ஒரு கதை கட்டிவிடுவார்கள். சவுக்கடி, கங்காணி, கண்ணீர். பதிவேட்டில் இருப்பது "இடது முழங்காலில் தழும்பு" மட்டும். அது சொந்த ஊரில் பனைமரத்திலிருந்து விழுந்த தழும்பாகவும் இருக்கலாம். அந்தச் சந்தேகத்தைக் கவிதை காப்பாற்ற வேண்டும். ஆசிரியர் இதைச் சொல்லிக் கொடுக்காமல் விட்டால் இருபது பேரும் ஒரே கவிதையைத்தான் எழுதுவார்கள்.

ஒரு எச்சரிக்கை. உயிரோடு இருக்கிற பெரியவர்களிடம் பேட்டி எடுத்து அதைக் கவிதையாக்குவதாக இருந்தால் பல்கலைக்கழக நெறிமுறைக் குழுவின் அனுமதி முதலில் வேண்டும். பேட்டி எடுத்த பிறகு அனுமதி கேட்டால் அந்தப் பொருளை ஆய்வேட்டில் சேர்க்க விடமாட்டார்கள்.

கேப்_காற்று

பட்டறை நடத்தும் நேரக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன், புதிதாகச் சேர்கிறவர்கள் சறுக்குகிற இடம். 12 பேர் வகுப்பு, 3 மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கவிதைக்கு 25 நிமிடம் கொடுத்தால் 6 கவிதைக்கு 150 நிமிடம். இடைவேளை 10, வகுப்பிலேயே எழுதும் பயிற்சி 20. முடிந்துவிட்டது. ஆக ஒவ்வொரு மாணவருக்கும் இரண்டு வாரத்துக்கு ஒரு முறைதான் முறை வரும். எல்லோர் கவிதையையும் ஒரே நாளில் பார்க்க முயன்றால் கடைசி நாலு பேருக்கு "நன்றாக இருக்கிறது" என்ற வார்த்தை மட்டும் மிஞ்சும்.

கவிதை மூன்று நாள் முன்னாலேயே எல்லோருக்கும் போய்விட வேண்டும். வகுப்பில் எழுதியவர் ஒரு முறையும், வேறொருவர் ஒரு முறையும் உரக்கப் படிக்க வேண்டும். மற்றவர் எங்கே தடுக்கிறாரோ அங்கே வரியில் கோளாறு இருக்கும், பெரும்பாலும்.

எழுதியவர் வாயைத் திறக்கக் கூடாது என்பது அமெரிக்காவில் 1936இல் தொடங்கிய அயோவா எழுத்தாளர் பட்டறையின் பாணி விதி. நம் வகுப்புகளுக்கு அது பொருந்தாது என்பதே என் முடிவு. சூலுவிலோ கோசாவிலோ தமிழிலோ யோசித்து ஆங்கிலத்தில் எழுதுகிற மாணவரின் கவிதையில் "சாமி ஏறியது" என்று ஒரு வரி வந்தால், அது என்னவென்று தெரியாத பத்துப் பேர் கால்மணி நேரம் ஊகித்துக்கொண்டிருப்பார்கள். எழுதியவர் ஒரு வாக்கியத்தில் சொல்லியிருப்பார். அமெரிக்க நடன அமைப்பாளர் லிஸ் லெர்மனின் நாலு படி முறை நல்லது: முதலில் எது மனதில் நின்றது என்று வாசகர்கள் சொல்வது, அடுத்து எழுதியவர் தன் கேள்விகளைக் கேட்பது, பிறகு வாசகர்கள் சார்பில்லாத கேள்வி கேட்பது, கடைசியில் எழுதியவர் சம்மதித்தால் மட்டும் அபிப்பிராயம்.

அசை_பிரிப்பவர்

கடைசிக் கட்டத்தில் எனக்கு மாற்றுக் கருத்து உண்டு. சம்மதம் கேட்டு அபிப்பிராயம் சொல்வதில் வகுப்பு மென்மையாகி, யாரும் யாப்பைப் பற்றியோ வரி முறிவைப் பற்றியோ பேசாமலே வருடம் ஓடிவிடும். தொழில்நுட்பத்தைப் பேச எழுதியவரின் சம்மதம் தேவையில்லை. தளை, அதாவது சீரும் சீரும் சேரும் விதி, தட்டினால் தட்டியதுதான்.

தமிழ் தெரிந்த கவிஞர் இங்கே கொண்டுவரக்கூடிய பெரிய சொத்து இதுதான். டர்பனில் பேரப்பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்து தெரியாமல் இருக்கலாம், காது இருக்கிறது. குறளை எடுங்கள். முதல் குறளைக் கரும்பலகையில் இப்படிப் பிரியுங்கள்:

அக/ர முத/ல எழுத்/தெல்/லாம் ஆ/தி
பக/வன் முதற்/றே உலகு

முதல் அடியில் 4 சீர், இரண்டாவதில் 3. ஒற்றை எண்ணாமல் பார்த்தால் நேர் ஓரெழுத்து அசை, நிரை ஈரெழுத்து அசை. அக/ர நிரை நேர், புளிமா. முத/ல அதுவும் புளிமா. எழுத்/தெல்/லாம் நிரை நேர் நேர், புளிமாங்காய். ஆ/தி தேமா. பகவனும் முதற்றேயும் புளிமா. உலகு பிறப்பு என்ற வாய்பாட்டில் முடிகிறது. நேரில் முடியும் ஈரசைச் சீர் மா, நிரையில் முடியும் ஈரசைச் சீர் விளம், நேரில் முடியும் மூவசைச் சீர் காய். விதி: மாவுக்குப் பின் நிரை, விளத்துக்கும் காய்க்கும் பின் நேர். ஒவ்வொரு இடத்திலும் சரிபாருங்கள். எழுத்தெல்லாம் என்ற காய்க்குப் பின்னால் ஆதியின் "ஆ" நேராக வருகிறது, ஆதி என்ற மாவுக்குப் பின்னால் பகவனின் "பக" நிரையாக வருகிறது. ஒரு இடமும் பிசகவில்லை. நிரைக்கு இரண்டு தட்டு, நேருக்கு ஒரு தட்டு என்று மேசையில் தட்டவைத்தால் எழுத்துத் தெரியாதவரும் பத்து நிமிடத்தில் பிடித்துக்கொள்வார்.

பிறகு ஆங்கிலத்திலோ சூலுவிலோ இரண்டு வரி எழுதச் சொல்லுங்கள்: முதல் வரியில் 4 சொல், அடுத்ததில் 3, இரண்டு வரியின் தொடக்கத்திலும் எதுகை. இங்கே எல்லோரும் வரிக் கடைசியில் ஒலி சேர்ப்பார்கள், பள்ளியில் பழகியது அது. எதுகை தொடக்கத்தில் வர வேண்டும், இரண்டாம் எழுத்து ஒன்ற வேண்டும், முதல் எழுத்து குறிலுக்குக் குறில், நெடிலுக்கு நெடில் என்று அளவொத்து நிற்க வேண்டும். அகர, பகவன்: அ, ப இரண்டும் குறில், ககரம் ஒன்றுகிறது. வேற்று மொழியில் வெண்பாவே வராது, வரவும் வேண்டாம். ஏழு சொல்லுக்குள் ஒரு முழு எண்ணம் முடிய வேண்டும் என்ற நெருக்கடி வந்தால் போதும். தளர்ந்த கவிதை எழுதுகிற மாணவருக்கு இதைவிட நல்ல மருந்தை நான் அறியேன்.

பீனிக்ஸ்_வாசகி

ஐயா, மிக்க நன்றி, இதை அப்படியே நகலெடுத்து வைத்துக்கொண்டேன். தமிழிலேயே ஆய்வேடு எழுத வழி உண்டா?

தாள்_திருத்துநர்

நேரான வழி இல்லை. வெஸ்டர்ன் கேப்பில் ஆங்கிலம், ஆஃப்ரிகான்ஸ், கோசா மூன்றிலும் படைப்பெழுத்து உண்டு. ரோட்ஸில் ஆங்கிலத்தோடு கோசாவும் உண்டு. தமிழ் எங்கும் இல்லை. அரசமைப்புச் சட்டத்தின் 6ஆம் பிரிவு அலுவல் மொழிகளுக்கு அப்பால் வளர்த்து மதிக்கப்பட வேண்டிய சமூக மொழிகளின் வரிசையில் தமிழைப் பெயர் சொல்லிக் குறிக்கிறது. மதிப்பு அங்கே இருக்கிறது, பணியிடம் இல்லை. டர்பன்-வெஸ்ட்வில் பல்கலைக்கழகத்தில் இந்திய மொழிகளுக்கு ஒரு துறை இருந்தது, அது மூடப்பட்டது. அந்தப் பல்கலைக்கழகமும் 2004இல் நட்டால் பல்கலைக்கழகத்தோடு இணைந்து குவாசூலு-நட்டால் பல்கலைக்கழகம் ஆகிவிட்டது. இது உண்மையாகவே பெரிய இழப்பு. 2014இல் குவாசூலு-நட்டால் பள்ளிகளில் தமிழ் விருப்பப் பாடமாகத் திரும்பியது, ஆனால் அந்தப் பிள்ளைகள் பல்கலைக்கழகத்துக்கு வரும்போது மேலே படிக்க இடமில்லை.

நடைமுறையில் செய்யக்கூடியது இருமொழி ஆய்வேடு. தமிழ்க் கவிதை இடப்பக்கம், கவிஞரே செய்த ஆங்கிலம் வலப்பக்கம், பின்னால் ஆங்கிலத்தில் விமரிசனப் பகுதி. இதற்கு மூன்று காரியத்தைப் பதிவு செய்வதற்கு முன்பே முடிக்க வேண்டும். தமிழ் படிக்கத் தெரிந்த இணை நெறியாளர், சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ கோலாலம்பூரிலோ, எழுத்துப்பூர்வ ஒப்புதலோடு. தமிழ் தெரிந்த தேர்வாளர் ஒருவராவது. மூன்றாவது, ஆய்வு முன்மொழிவிலேயே "கவிதை தமிழில், மதிப்பீடு இரு மொழியிலும்" என்ற வரி. பிஎச்.டி.க்கு வழக்கமாக மூன்று தேர்வாளர்கள். இங்கே பெரும்பாலும் வாய்மொழித் தேர்வு கிடையாது, எழுத்து அறிக்கை மட்டும். நேரில் விளக்க வாய்ப்பில்லாததால் விமரிசனப் பகுதியே கவிதைக்காக வாதாட வேண்டும். தமிழ் தெரியாத தேர்வாளர் ஆங்கில வடிவத்தை மட்டும் வைத்து மதிப்பிடும் ஆபத்து அப்போதுதான் குறையும்.

மோக்கா_தென்றல்

மொரிஷியஸ் பக்கமிருந்து ஒரு வார்த்தை. இங்கே மோக்கா ஊரில் 1970இல் தொடங்கிய மகாத்மா காந்தி நிறுவனத்தில் தமிழ்த் துறை இருக்கிறது. தமிழில் கற்பிக்கும் வேலை என்றால் தென்னாப்பிரிக்காவைவிட இங்கே வாய்ப்பு அதிகம். ஆனால் அது மொழி, இலக்கணம், ஆசிரியப் பயிற்சி சார்ந்த வேலை. கவிஞர் தொல்காப்பியமும் நடத்தத் தயாராக வர வேண்டும். இணை நெறியாளர் தேடுகிறவர்கள் மோக்காவிலும் விசாரித்துப் பாருங்கள்.

ஏழாம்_சீர்

விண்ணப்பத்தில் கவனிக்க வேண்டியவை. சிவி, விண்ணப்பக் கடிதம், கற்பித்தல் பற்றி ஒன்றரைப் பக்கம், 10 முதல் 15 கவிதை, ஒரு பருவத்துக்கான பாடத்திட்ட மாதிரி. இதில் பாடத்திட்டத்தைக் கவிஞர்கள் அசட்டையாக விடுகிறார்கள். வாரம் வாரியாக என்ன படிப்பது, என்ன எழுதுவது, எதற்கு எத்தனை மதிப்பெண் என்று இருக்க வேண்டும். "கவிதைக்கு எப்படி மதிப்பெண் போடுவீர்கள்?" என்று நேர்காணலில் கட்டாயம் கேட்பார்கள். முதல் வரைவுக்கும் கடைசி வரைவுக்கும் நடுவில் நடந்த திருத்தத்துக்கு மதிப்பெண் என்று சொல்லுங்கள். ரசனையை அளக்க முடியாது. திருத்தத்தைத் தாளில் காட்ட முடியும்.

வேலை கிடைத்த பிறகு சொந்த எழுத்துக்கு நேரம் எங்கே என்பதையும் கணக்குப் போடுங்கள். நாலு எம்.ஏ. மாணவர்கள், ஒவ்வொருவருக்கும் இரண்டு வாரத்துக்கு ஒரு மணி நேரச் சந்திப்பும் இரண்டு மணி நேர வாசிப்பும் என்றால் வாரம் 6 மணி நேரம் அதிலேயே போகும், வகுப்பும் விடைத்தாளும் தனி. இங்கே கல்வியாண்டு பிப்ரவரியில் தொடங்கி நவம்பரில் முடிகிறது. பெரிய வேலையை டிசம்பர், ஜனவரிக்கு வையுங்கள், பருவத்தில் திருத்த வேலை மட்டும் செய்யுங்கள். அக்டோபரில் பொயட்ரி ஆஃப்ரிகா நடக்கும். குவாசூலு-நட்டால் பல்கலைக்கழகத்தின் படைப்புக் கலை மையம் 1997இலிருந்து நடத்துகிற விழா. விடைத்தாள் காலத்தோடு மோதும், முன்கூட்டியே விடுப்புச் சொல்லிவையுங்கள்.

வெஸ்ட்வில்_நூலகம்

ஆய்வேட்டை ஒப்படைக்கிறவர்களுக்கு ஒரு முக்கியமான விஷயம், யாரும் சொல்லித் தருவதில்லை. முடித்த ஆய்வேடு பல்கலைக்கழக இணையக் களஞ்சியத்தில் எல்லோரும் படிக்கும்படி ஏறிவிடும். ஏறினால் கவிதைகள் முன்பே வெளியானவையாகக் கருதப்படலாம். பதிப்பாளர் தயங்குவார், சில இதழ்கள் எடுக்காது. அதனால் இறுதிப் பிரதியோடு தடைக்காலப் படிவத்தையும் நெறியாளர் கையெழுத்தோடு கொடுங்கள், ஒரு வருடமோ இரண்டு வருடமோ. தலைப்பும் சுருக்கமும் தெரியும், உள்ளே திறக்காது. தடைக்காலம் முடிவதற்குள் தொகுப்பு வராவிட்டால் நீட்டிக்கக் கேட்கலாம், ஆனால் தேதிக்கு முன்னால் கேட்க வேண்டும்.

தமிழ் இருக்கிற ஆய்வேடு என்றால் யூனிகோடு எழுத்துருவில்தான் இருக்க வேண்டும். பழைய எழுத்துருவில் தட்டிய கவிதை தேர்வாளரின் கணினியில் கோணல்மாணலாக வரும். பிடிஎஃப் ஆக்கியதும் அதை வேறொரு கணினியில் திறந்து, கொம்பும் காலும் நிறைய வருகிற ஒரு பக்கத்தை எடுத்து, "கொ", "போ", "ழௌ" எல்லாம் ஒழுங்காக நிற்கிறதா என்று கண்ணால் பாருங்கள். பெட்டி பெட்டியாக வந்தால் எழுத்துரு உள்ளே பதியவில்லை. அச்சு வழியாக பிடிஎஃப் ஆக்காமல், வேர்டிலேயே சேமிக்கும் இடத்தில் பிடிஎஃப்/ஏ என்ற தேர்வைப் போட்டுத் திரும்பச் சேமியுங்கள்.